ஐந்தாண்டு நிறையாத எம்.எல்.ஏ. பதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 மே மாதம் தொடங்கிய ஒரே பேரவைக் காலத்தில் ஈரோடு கிழக்குத் தொகுதி மூன்று எம்.எல்.ஏ.க்களைப் பார்த்தது. முதலில் காங்கிரஸின் திருமகன் ஈவெரா. அவர் 2023 ஜனவரியில் காலமானார். அடுத்து அவருடைய தந்தை ஈ.வி.கே.எஸ். இளங்கோவன். மகன் விட்டுப்போன இடத்துக்குத் தந்தை வந்து, 2024 டிசம்பரில் அவரும் காலமானார். 2025 பிப்ரவரியில் தி.மு.க.வின் வி.சி. சந்திரகுமார் வென்றார். அவருக்குக் கிடைக்கவிருந்த காலம் பதினைந்து மாதங்கள்.

இப்படிப் பதவிக்காலம் சுருங்கும்போது பேச்செல்லாம் கட்சிகளின் லாப நஷ்டத்தைச் சுற்றியே நடக்கிறது. தொகுதிக்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்வி பதில்களை அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எம்.எல்.ஏ. என்றால் ஐந்தாண்டு நிச்சயம் தானே?

இல்லை. அரசியல் சட்டத்தின் 172-வது பிரிவு ஐந்தாண்டு என்று சொல்வது பேரவைக்கு. அதுவும் முன்கூட்டியே கலைக்கப்படாவிட்டால் மட்டும். பேரவையின் முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்து அந்த ஐந்தாண்டு ஓடத் தொடங்கும். உறுப்பினருக்கென்று தனிக் கணக்கு கிடையாது. நடுவில் இடைத்தேர்தலில் வந்தவருக்கு மிச்சமிருக்கும் காலம்தான். ஐந்தாண்டுக்கு ஓட்டுப் போட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே தவிர, எந்த உறுப்பினருக்கும் சட்டம் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை.

பதவி எப்போது தொடங்குகிறது? ஜெயித்த அன்றா, பதவியேற்ற அன்றா?

தேர்தல் அதிகாரி முடிவை அறிவிக்கும் நாளே அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் என்கிறது 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஆனால் 188-வது பிரிவின்படி உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்காரவோ ஓட்டுப் போடவோ முடியாது. மீறி உட்கார்ந்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று 193-வது பிரிவு சொல்கிறது. 1949-ல் எழுதிய தொகை இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சிலருடைய வாழ்க்கையில் கொடுமையாக அமைந்துவிட்டது. திருச்சி மேற்கில் வென்ற என். மரியம்பிச்சை 2011 மே 16-ல் அமைச்சராகப் பொறுப்பேற்றார். ஒரு வாரம் கழித்து, மே 23 அன்று, எம்.எல்.ஏ.வாக உறுதிமொழி எடுப்பதற்காகச் சென்னைக்குக் காரில் வந்துகொண்டிருந்தபோது விபத்தில் இறந்துபோனார். அமைச்சராக இருந்தவர், பேரவையில் ஒருநாள்கூட உட்காரவில்லை. 2016-ல் திருப்பரங்குன்றத்தில் வென்ற எஸ்.எம். சீனிவேல் உடல்நலம் குன்றி மே 25-ல் காலமானார். மற்ற உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்த நாள் அது.

ஒட்டுமொத்தப் பேரவையே ஒருநாள்கூடக் கூடாமல் போனது உண்டா?

உண்டு. இரண்டு முறை நடந்ததைச் சொல்கிறேன்.

கேரளத்தில் 1965 மார்ச்சில் தேர்தல் நடந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதிக இடம் பிடித்த மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து ஜெயித்தவர்களில் பலர் சிறையில் இருந்தபடியே வென்றவர்கள். அந்த மாதம் முடிவதற்குள் பேரவை கலைக்கப்பட்டது. அந்தப் பேரவையைக் கூட்டவே இல்லை.

பீகாரில் 2005 பிப்ரவரியில் 243 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அங்கேயும் இழுபறி. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, பேரவை முடக்கிவைக்கப்பட்டது. மே மாதம் நிதிஷ்குமார் பக்கம் ஆள் சேரத் தொடங்கியதும் ஆளுநர் பூட்டா சிங் டெல்லிக்கு அறிக்கை அனுப்பினார், குதிரை பேரம் நடக்கிறது என்று. மத்திய அமைச்சரவை நள்ளிரவை ஒட்டிக் கூடி முடிவெடுத்தது. அப்போது மாஸ்கோ பயணத்தில் இருந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கு ஃபேக்ஸில் தாள் போயிற்று, கையெழுத்தாகி வந்தது. விடிந்தபோது அந்த 243 பேரும் முன்னாள் ஆகிவிட்டார்கள். ஒருவர்கூட உறுதிமொழி எடுத்திருக்கவில்லை. கலைத்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது. ஆனால் அதற்குள் மறுதேர்தல் வேலைகள் தொடங்கிவிட்டதால் பேரவையை உயிர்ப்பிக்க மறுத்துவிட்டது. தவறு நடந்தது என்று தீர்ப்பு வந்தும், பிப்ரவரியில் ஓட்டுப் போட்ட பீகார் வாக்காளருக்கு அந்த ஓட்டு திரும்பி வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தமிழ்நாட்டில் பேரவைக் கலைப்பால் பதவி இழந்தவர்கள் எத்தனை தலைமுறை?

1977-லிருந்து 1991 வரை 14 ஆண்டுகளில் ஐந்து பொதுத்தேர்தல்கள் நடந்தன. இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1977 ஜூனில் வந்தவர்கள் 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டபோது வீட்டுக்குப் போனார்கள். 1984 டிசம்பரில் வந்தவர்களின் பதவி எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு, ஜானகி ராமச்சந்திரனின் 24 நாள் ஆட்சியோடு 1988 ஜனவரி 30-ல் முடிந்தது. அதன் பின் ஏறக்குறைய ஓராண்டு தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. என்று ஒருவரும் இல்லை.

1989 ஜனவரியில் வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுதான். 1991 ஜனவரி இறுதியில் கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. கலைக்கச் சொல்லி அறிக்கை தர ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்தார். அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள். பீகாருக்கு மாற்றியபோது பர்னாலா பதவியை விட்டே விலகினார். முதன்முதலாகப் பேரவைக்குள் வந்த எத்தனையோ பேருக்கு அந்த இரண்டு ஆண்டோடு அரசியல் வாழ்க்கை முடிந்துபோயிற்று.

1994 மார்ச்சில் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் இதற்குக் கடிவாளம் போட்டது. பெரும்பான்மையை அவையில்தான் சோதிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் இல்லை என்றது. நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் முன் பேரவையைக் கலைக்கக் கூடாது, முடக்கி மட்டும் வைக்கலாம் என்றும் சொன்னது. அதன் பிறகு தமிழ்நாட்டில் ஒருமுறைகூட, குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் 356-வது பிரிவால் பேரவை கலைக்கப்படவில்லை.

கட்சி மாறினால் பதவி போகும் என்கிறார்கள். கட்சி மாறாமலே போகுமா?

போகும். கட்சித் தாவல் தடை என்று நாம் சொல்லும் பத்தாவது அட்டவணை 1985-ல் வந்தது. அதில் இரண்டு முக்கியமான காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது அல்லது ஓட்டெடுப்புக்கு வராமல் இருப்பது. இன்னொன்று, கட்சி உறுப்பினர் என்ற நிலையைத் தாமாக விட்டுவிடுவது. இந்த இரண்டாவதற்கு ராஜினாமா கடிதம் தேவையில்லை, நடத்தையே போதும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. கட்சி வெளியேற்றினாலும் தப்பிக்க முடியாது. வெளியேற்றப்பட்டவர் வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வாக இருந்த ஜி. விசுவநாதன் வழக்கில்தான்.

2017-ல் என்ன நடந்தது? ஆகஸ்ட் 22 அன்று டி.டி.வி. தினகரனை ஆதரித்த அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 19 பேர் ஆளுநரைப் பார்த்து, முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று தனித்தனியாகக் கடிதம் கொடுத்தார்கள். வேறு கட்சியில் யாரும் சேரவில்லை. பேரவையில் எதிர்த்து ஓட்டுப் போடவும் இல்லை. ஒருவர் மட்டும் திரும்பிப் போனார். மிச்சம் 18 பேரைச் செப்டம்பர் 18-ல் பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி எம். சத்தியநாராயணன் தகுதி நீக்கம் செல்லும் என்றார்.

அந்த 18 பேரில் செந்தில் பாலாஜியின் கணக்கு விசித்திரமானது. 2016-ல் அரவக்குறிச்சித் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டு நவம்பரில்தான் நடந்தது. அதில் வென்றவருக்குப் பத்தே மாதத்தில் பதவி போயிற்று. பிறகு தி.மு.க.வில் சேர்ந்து, அதே தொகுதியில் 2019 மே மாதம் மறுபடி வென்று, அதே பேரவைக்கு வேறு கட்சிக்காரராகத் திரும்பி வந்தார். தகுதி நீக்கம் என்றால் தேர்தலில் நிற்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2019-ல் கர்நாடகத்தில் 17 பேரைப் பேரவைத் தலைவர் 2023 வரை நிற்கக் கூடாது என்று தடுத்தபோது, தகுதி நீக்கம் சரி, ஆனால் அந்தத் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

பேரவைத் தலைவர் முடிவே எடுக்காவிட்டால்?

இதுதான் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை. 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமியை எதிர்த்து ஓட்டுப் போட்ட ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மீதும் மனு கொடுக்கப்பட்டது. பிறகு பழனிசாமி அணியும் பன்னீர்செல்வம் அணியும் இணைந்துவிட்டன. பேரவைக் காலம் முடியும்வரை அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடிதம் கொடுத்த 18 பேருக்கு நான்கு வாரத்தில் பதவி போகிறது, எதிர்த்து ஓட்டே போட்ட 11 பேருக்கு நான்கு ஆண்டு ஓடுகிறது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதை நியாயம் என்று சொல்ல முடியாது.

2020-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அசாதாரண காரணம் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றது. இந்த வேலையைப் பேரவைத் தலைவரிடமிருந்து எடுத்து நடுநிலையான ஒரு தீர்ப்பாயத்திடம் கொடுப்பதை நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றும் சொன்னது. ஆளுங்கட்சியின் ஓட்டில் வந்தவரிடமே ஆளுங்கட்சிக்கு வேண்டிய தீர்ப்பை எதிர்பார்க்கும் ஏற்பாடு மாறாதவரை இந்த ஏற்றத்தாழ்வு போகாது என்பது என் எண்ணம்.

தண்டனை கிடைத்தால் உடனே பதவி போய்விடுமா? மேல்முறையீடு செய்தாலுமா?

2013 ஜூலை 10 வரை, மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் பதவி தப்பிக்கும். அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை நீக்கியது. இப்போது இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால் தீர்ப்பு நாளிலேயே பதவி காலி. சில குற்றங்களுக்கு அபராதம் விதித்தாலே போதும். தண்டனை முடிந்து ஆறு ஆண்டு நிற்கவும் முடியாது.

ஜெயலலிதாவுக்கு 2014 செப்டம்பர் 27-ல் பெங்களூரு தனி நீதிமன்றம் தண்டனை கொடுத்தபோது, முதல்வர் பதவியோடு ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ. பதவியும் போனது. 2015 பிப்ரவரியில் அங்கே எஸ். வளர்மதி வந்தார். மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. ஆனால் ஸ்ரீரங்கத்தில் வேறொருவர் இருக்கிறாரே! அதனால் ஆர்.கே. நகரில் பி. வெற்றிவேல் ராஜினாமா செய்து இடம் விட்டார். ஜூனில் இடைத்தேர்தல் நடந்தது. ஒரு வழக்கின் இரண்டு தீர்ப்புகளுக்காக இரண்டு தொகுதி மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

க. பொன்முடி விஷயம் வேறு மாதிரி. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மூன்றாண்டு தண்டனை விதித்ததும் திருக்கோவிலூர் காலியானது. 2024 மார்ச் 11-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையோடு சேர்த்து, குற்றவாளி என்ற தீர்ப்பையும் நிறுத்திவைத்தது. இடைத்தேர்தல் நடப்பதற்குள் அந்த உத்தரவு வந்துவிட்டதால் பதவி திரும்பக் கிடைத்தது. தண்டனையை மட்டும் நிறுத்திவைத்தால் ஜெயிலுக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான். குற்றவாளி என்ற தீர்ப்பும் நிறுத்தப்பட்டால்தான் பதவி. செய்தி படிக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

ராஜினாமா கடிதம் கொடுத்தால் போதுமா?

பேரவைத் தலைவர் ஏற்க வேண்டும். மிரட்டலுக்காகவோ வேறு நிர்ப்பந்தத்துக்காகவோ எழுதிக் கொடுத்தது என்று தோன்றினால் அவர் ஏற்க மறுக்கலாம். 1974-ல் வந்த திருத்தம் அது. இமாசலப் பிரதேசத்தில் 2024 மார்ச்சில் மூன்று சுயேச்சைகள் கொடுத்த கடிதங்கள் ஜூனில்தான் ஏற்கப்பட்டன. விளவங்கோட்டில் விஜயதரணி 2024 பிப்ரவரியில் பா.ஜ.க.வில் சேர்ந்து பதவி விலகினார். ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது, காங்கிரஸின் தாரகை கத்பர்ட் வென்றார்.

எம்.பி. ஆகிவிட்டதால் விலகுபவர்களும் உண்டு. நாங்குநேரியின் எச். வசந்தகுமார் 2019-ல் கன்னியாகுமரி எம்.பி. ஆனார். நாங்குநேரிக்கு அக்டோபரில் இடைத்தேர்தல். எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே எம்.பி. தேர்தலுக்கு நிற்பவர் தோற்றால் பழைய நாற்காலி பத்திரமாக இருக்கிறது, ஜெயித்தால் தொகுதி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். நிற்கும் முன்பே விலகிவிட வேண்டும் என்று விதி வந்தால் நல்லது.

அவையிலிருந்து சஸ்பெண்ட் செய்தால் பதவி போய்விட்டதாக அர்த்தமா?

இல்லை, உறுப்பினர்தான். ஆனால் அதிலும் தொகுதிக்கு நஷ்டம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2021 ஜூலையில் 12 பா.ஜ.க. உறுப்பினர்களை ஓராண்டு சஸ்பெண்ட் செய்தார்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது சொன்ன காரணம் முக்கியமானது. நீக்கிவிட்டாலாவது இடைத்தேர்தல் நடந்து தொகுதிக்கு வேறொருவர் கிடைப்பார். ஓராண்டு சஸ்பெண்ட் என்றால் இடம் காலியும் இல்லை, பேச ஆளும் இல்லை. அதனால் இது நீக்கத்தைவிட மோசம் என்றது.

முழுதாகவே பறித்ததும் நம் பேரவையில் நடந்திருக்கிறது. 1986-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டப் பிரதியை எரித்ததற்காக க. அன்பழகன் உள்ளிட்ட பத்து தி.மு.க. உறுப்பினர்களின் பதவி பறிக்கப்பட்டது. அப்போது பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன்.

தேர்தலே செல்லாது என்று நீதிமன்றம் சொன்னால்?

முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பு என்ன என்பதை இரண்டு தொகுதிகளை வைத்துச் சொல்கிறேன்.

ராதாபுரம், 2016. அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் மு. அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். 203 தபால் ஓட்டுகள் தள்ளப்பட்டிருந்தன. அவற்றில் சான்றொப்பம் இட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதுதான் தகராறு. தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்கள் போட்ட ஓட்டு, பக்கத்தில் இருந்த தலைமையாசிரியரிடம் வாங்கிய கையெழுத்து. 2019 அக்டோபர் தொடக்கத்தில் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது உயர் நீதிமன்றம். எண்ணினார்கள். முடிவை வெளியிட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2021 தேர்தல் வந்துவிட்டது, பேரவைக் காலமே தீர்ந்துவிட்டது. அந்த முறை அப்பாவு அதே ராதாபுரத்தில் வென்று பேரவைத் தலைவரும் ஆகிவிட்டார். ஐந்து ஆண்டில் ஒரு 49 ஓட்டு விவகாரத்தை முடிக்க முடியவில்லை.

திருப்பரங்குன்றம் இன்னும் சோகம். சீனிவேல் இறந்த பிறகு 2016 நவம்பரில் இடைத்தேர்தல். அப்போது ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தார். அ.தி.மு.க. வேட்பாளர் ஏ.கே. போஸுக்குச் சின்னம் ஒதுக்கும் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் அவருடைய கைரேகை. போஸ் வென்றார். தோற்ற தி.மு.க. வேட்பாளர் பா. சரவணன் அந்தக் கைரேகையை எதிர்த்து வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே 2018 ஆகஸ்டில் போஸ் காலமானார். 2019 மார்ச்சில் அவர் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அப்போது செல்லாமல் போக அங்கே எம்.எல்.ஏ. என்று யாருமே இல்லை. மே மாதம் மறுபடி இடைத்தேர்தல், வழக்குப் போட்ட சரவணனே வென்றார். ஒரு பேரவைக் காலத்தில் மூன்று தேர்தல், மூன்று எம்.எல்.ஏ.க்கள், நடுவில் பல மாதங்கள் யாரும் இல்லாத தொகுதி.

காலியான இடத்துக்கு எப்போது தேர்தல் வரும்?

ஆறு மாதத்துக்குள். விதிவிலக்கு இரண்டு. மிச்சக் காலம் ஓராண்டுக்குக் குறைவு என்றால் நடத்த வேண்டியதில்லை. அந்த அவகாசத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் தள்ளலாம். 2025 ஜூனில் வால்பாறையின் டி.கே. அமுல்கந்தசாமி காலமானபோது முதல் விதிவிலக்கு பொருந்தியது. மலையிலும் அடிவாரத்திலுமாகப் பரந்து கிடக்கும் தொகுதி அது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குப் பேரவையில் நேரடியாகக் குரல் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று.

வழக்கு வந்தால் ஆறு மாதக் கணக்கும் நிற்காது. மேலே சொன்ன 18 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் அறிவிக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் 2017 செப்டம்பரிலேயே சொல்லியிருந்தது. 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான் ஓட்டுப் போட்டார்கள். முடிவு வந்தது மே 23-ல். ஏறத்தாழ இருபது மாதம்! அந்த இருபது மாதத்தில் இரண்டு பட்ஜெட் தாக்கலாயிற்று. அந்தத் தொகுதிகளின் பெயரைச் சொல்லிச் சாலை கேட்கவோ தண்ணீர் கேட்கவோ பேரவைக்குள் அவற்றின் எம்.எல்.ஏ. என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஐந்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு. குறுகிய பதவிக்காலத்தைப் பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்ப வருவது இந்த இடத்துக்குத்தான். பதவி இழந்தவருக்கு வழக்குப் போட வழி இருந்தது, வேறு கட்சிக்குப் போக வழி இருந்தது. வாக்காளருக்குக் காத்திருப்பதைத் தவிர எதுவும் இல்லை. பதவிநீக்க வழக்கு எதுவானாலும் ஆறு மாதத்தில் தீர்ப்பு என்று கட்டாயமாக்கினால் ஒழிய இது மறுபடியும் நடக்கும்.

ஒன்றரை, இரண்டு ஆண்டில் ஒரு எம்.எல்.ஏ.வால் என்னதான் செய்ய முடியும்?

நிறைய, வேலை தெரிந்தால். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய். வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம், சிறு பாலம், குடிநீர்த் தொட்டி போன்றவற்றுக்கு இது போதும். ஆனால் அதைவிடப் பெரியது அவையில் கேட்கும் கேள்வி. துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டைப் பேரவை விவாதிக்கும் மானியக் கோரிக்கை வாரங்கள்தான் எம்.எல்.ஏ.வுக்கு அறுவடைக் காலம். துறை அமைச்சர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அதிகாரிகள் மாடத்தில் இருக்கிறார்கள். "அந்தத் துணை சுகாதார நிலையத்துக்கு இந்த ஆண்டே கட்டடம் கட்டப்படும்" என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது அவைக்குறிப்பில் ஏறும். பேரவையின் அரசு உறுதிமொழிக் குழு அதைப் பின்தொடர்ந்து, ஏன் இன்னும் செய்யவில்லை என்று துறைச் செயலாளரைக் கேட்கும்.

அதனால் புதிதாக வருபவர் கன்னிப்பேச்சில் தலைவரைப் பாராட்டியே நேரத்தைத் தீர்த்துவிடாமல், தொகுதியின் ஐந்தாறு நிலுவைகளை ஊர்ப்பெயரோடும் கோப்பு விவரத்தோடும் கையில் வைத்துக்கொண்டு அமைச்சரிடமிருந்து ஒரு வரி வாக்குறுதி வாங்குவதே மேல். முன்னவர் என்னென்ன கேட்டார், எதற்கு என்ன பதில் வந்தது என்று பழைய அவைக்குறிப்புகளைப் புரட்டுவது முதல் வாரத்து வேலை. வேறு கட்சிக்காரர் கேட்டது என்று ஒதுக்கிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குக் காலம் இருக்காது.

குறுகிய காலம் இருந்தவருக்கும் ஓய்வூதியம் உண்டா?

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பஞ்சாபில் 2022 வரை எத்தனை முறை ஜெயித்தாரோ அதற்கேற்ப ஓய்வூதியமும் கூடிக்கொண்டே போகும். பிறகு ஒரே ஓய்வூதியம் என்று ஆக்கினார்கள். கட்சித் தாவலுக்காகத் தகுதி நீக்கம் ஆனவர்களுக்கு ஓய்வூதியம் கூடாது என்று இமாசலப் பேரவை 2024-ல் மசோதா நிறைவேற்றியது.

பிடிக்காத எம்.எல்.ஏ.வை நாமே திரும்ப அழைக்க முடியுமா?

முடியாது. சில மாநிலங்களில் உள்ளாட்சிப் பதவிகளுக்கு மட்டும் அப்படி ஒரு வழி இருக்கிறது. பேரவைக்கு இல்லை.

எங்கள் தொகுதி இப்போது காலி. மனுவை யாரிடம் கொடுப்பது?

திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எம்.பி.யும் மாநில அரசுத் துறைகளுக்குக் கடிதம் எழுதலாம்.

பலருக்குத் தெரியாத வழி, பேரவையின் மனுக்கள் குழு.  குழு மாவட்டத்துக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பு வெளியிட்டு மனுக்களைக் கேட்கும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரம், வேலை கேட்பது, பட்டா, முதியோர் ஓய்வூதியம், கடன் கேட்பது இவற்றை எடுக்க மாட்டார்கள். எழுதும்போது ஊர், வார்டு, சர்வே எண் என்று விவரமாக எழுதுங்கள், ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் நகலையும் வையுங்கள். முன்னாள் எம்.எல்.ஏ. அவையில் அதைப் பற்றிக் கேட்டிருந்தால் எந்தக் கூட்டத்தொடர், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதையும் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள்.